அறுவடை மிஷின் யார் கையில்?

கடந்த தை மாதம் ஆய்வுக்காக நாகைப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தேன். சேற்று வயலில் இறங்கிய செயின் மிஷின் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் சம்பாவை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டரில் கொட்டியது. வரப்பில் நின்ற பெண்கள் என் அம்மாவைப் போலவே அரிவாள் பிடித்துக் கை காய்த்துப்போனவர்கள். "இப்ப எங்களுக்கு இங்க என்ன தம்பி வேலை?" என்றார் ஓர் அக்கா.

"ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் மிஷின்" என்கிறார்கள் நிலவுடைமையாளர்கள். எந்த ஆள் கிடைக்கவில்லை? சொன்ன கூலிக்குக் கைகட்டி நிற்கும் ஆள் கிடைக்கவில்லை.

விளைந்த கதிர் காத்திருக்காது. அந்தச் சில நாட்கள் சேரி வயலில் இறங்க மறுத்தால் பண்ணையார் பேசித்தான் ஆகவேண்டும். நிலமற்றவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடியின் கீழ் திரண்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று அறுவடைக் கூலிக்குப் பேரம் பேச வயலில் ஆளே இல்லை.

அரிவாளுக்குத் திரும்பச் சொல்லவில்லை. குனிந்தே தேய்ந்த என் அம்மாவின் முதுகை அறிந்தவன் நான். அந்த வேலை ஒழியட்டும். ஆனால் சுமை ஒழிந்ததா? கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை இன்றும் மனிதர்கள்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். கூலி கேட்டவர்களின் இடத்தை நிரப்ப வந்த மிஷின், முதுகு ஒடிபவர்களின் இடத்துக்கு வரவில்லை.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பட்டியல் சாதி விவசாயிகளுக்கு மானியம் உண்டு என்பார்கள். விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் வைக்க வேண்டும். நிலமே இல்லாதவர் எதை வைப்பார்? ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் பெருமளவு பிறர் கையில். மீதிப் பணத்துக்கு எங்கே போவார்? நிலம் வைத்திருப்பவனுக்கே மிஷினும் போய்ச் சேர்கிறது. நேற்று வயலுக்கு உடைமையாளன், இன்று வயலுக்கும் வாடகைக்கும் உடைமையாளன்.

மிஷினுக்குச் சாதி இல்லை. அதன் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயருக்கு உண்டு. எனவே நமது கோரிக்கை இரண்டு. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. நிலமற்ற தலித் பெண்களின் கூட்டுறவுக் குழுக்களுக்கு, சிட்டா கேட்காமல், முழு அரசுச் செலவில் அறுவடை மிஷின் கொடு. ஓட்டவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடு. அறுத்த கைகளுக்கு மிஷினின் வாடகை சேரட்டும். வரப்பில் நின்ற அந்த அக்காவின் கேள்விக்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.