எண்ணெய் மாடி ஏறணும் பாஸ்!

'பைப்தானே... சேஃப்டிக்கு ஒரு சைஸ் பெருசாவே போட்டுடுவோம்!' மெக்கானிக்கல் படிக்கிற உங்க வாயிலிருந்தும் இது வந்திருக்கும். தண்ணி பைப்புன்னா ஓகே. சில்லர் விஷயத்துல இந்த தாராள மனசு கம்ப்ரஸருக்கே உலை வெச்சுடும்.

பெரிய கட்டடங்களோட ஏ.சி.க்கு ஜில் தண்ணி தயாரிக்கிற மெஷின்தான் சில்லர். அது உறிஞ்சுற சூட்டை எங்கேயாவது கொட்டணுமே? அதுக்குத்தான் கண்டன்ஸர். கூலிங் டவர் வெச்சா தண்ணியா குடிக்கும். 2019 கோடையில லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்ன சென்னைவாசிகளுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அதனால சில்லரை பேஸ்மென்ட்ல விட்டுட்டு, ஃபேன் காத்துல ஆறுற கண்டன்ஸரை மட்டும் மொட்டை மாடிக்கு ஏத்துறது ஒரு வழி. நடுவுல ரெண்டு குழாய். ஒண்ணுல சூடான கேஸ் மேலே போகும், இன்னொண்ணுல அது திரவமாகி கீழே வரும்.

வில்லங்கம் மேலே போற குழாயிலதான். கம்ப்ரஸரிலிருந்து கேஸ் தனியா கிளம்பாது. கொஞ்சம் எண்ணெயும் கூடவே தொத்திக்கிட்டுப் போகும் (ஆயில் செப்பரேட்டர் இருந்தாலும் துளித்துளியா தப்பிக்கும்). அதை ஆறு மாடி தூக்கிட்டுப் போறது கேஸோட வேகம் மட்டும்தான். செங்குத்துக் குழாயில நொடிக்கு சுமார் 5 மீட்டராவது இருக்கணும்கிறது ஃபீல்டுல பழகின கணக்கு. குழாய் விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா பரப்பு நாலு மடங்கு, வேகம் கால்வாசி! எண்ணெய் ஏறாம குழாயிலேயே தங்கிடும். கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாம காய்ஞ்சு, பேரிங் தேய்ஞ்சு, ஒருநாள் இறுகி நின்னுடும். ரொம்பச் சின்னக் குழாய் போட்டாலோ அழுத்தம் வீணாகி கரன்ட் பில் எகிறும்.

முழு லோடுல 12 மீட்டர் வேகம்னு வெச்சுக்கங்க. ராத்திரி கூட்டம் குறைஞ்சு, கம்ப்ரஸர் 25 சதவிகிதத்துக்கு இறங்கினா 3 மீட்டர்தான். வைவாவுல இதை யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா, மெஷினைக் கொல்றது அந்த ராத்திரிதான்!

இதுக்கு பழைய கில்லாடிகள் கண்டுபிடிச்ச வித்தை, டபுள் ரைஸர். பக்கத்துப் பக்கத்துல சின்னதும் பெருசுமா ரெண்டு குழாய். பெருசோட அடியில ஒரு 'யு' வளைவு. லோடு குறைஞ்சா எண்ணெய் அந்த வளைவுல தேங்கி, பெரிய குழாயை அடைச்சுடும். கேஸ் மொத்தமும் சின்னக் குழாயில சீறும், எண்ணெயும் ஏறும். லோடு கூடினதும் அழுத்தம் அடைப்பைத் தள்ளிவிட, ரெண்டும் திறந்துக்கும். வால்வு கிடையாது, சென்சார் கிடையாது. வம்பு பண்ற எண்ணெயே வால்வு! எனக்கு இந்த செமஸ்டர்ல பிடிச்ச ஐட்டம் இதான். ஒண்ணு மறக்காதீங்க, உச்சியில பெரிய குழாயை வளைச்சு மேலேயிருந்து இணைக்கணும். இல்லேன்னா சின்னது கஷ்டப்பட்டு ஏத்தினது, சும்மா நிக்கிற பெருசுக்குள்ளே இறங்கிடும்.

படம் போடுறதுக்கு முன்னாடி டேப்பும் கையுமா சைட்டை ஒரு சுத்து சுத்திடுங்க. ஒவ்வொரு எல்போவும் உராய்வுக் கணக்குல சில அடி நேர்க்குழாய்க்குச் சமம். படுக்கைக் குழாய்களும் கண்டன்ஸர் பக்கமா லேசா சரியணும்.

சில்லர் மேலே, கண்டன்ஸர் கீழேன்னு இடம் மாறினா? திரவம் ஏறுற ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பாருக்கு மேல அழுத்தம் போயிடும். பாதி வழியிலேயே குமிழ் விட ஆரம்பிச்சுடும். அந்தக் கூத்து அடுத்த வாரம்!