கடையில் செலுத்திய வரி திடலாகத் திரும்பட்டும்



நம் கடற்கரை ஊர்களில் விளையாட்டுத் திடலும் பொதுக்கூடமும் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு மறுமொழிகளே வருகின்றன. விளையாட்டு வீண் காரியம், அதற்குப் பொதுப்பணமா என்பது ஒன்று. வளைகுடாவில் உள்ள நம் பிள்ளைகளிடம் கேட்டால் கட்டித் தந்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் நமக்கு உடன்பாடானவை அல்ல.

முதலாவதற்கு விடை சுருக்கமானது. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் வேலும் கேடயமும் ஏந்தி விளையாடினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களிக்கத் தாமே மறைப்பாகவும் நின்றார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. இதை மக்தபில் கற்பித்துவிட்டு, அஸருக்குப் பின் ஓடியாட இடம் கேட்கும் பிள்ளையிடம் முகம் சுளிப்பது எப்படிப் பொருந்தும்? தந்தை துபாயில், பிள்ளை கைப்பேசியில். நீரிழிவு கண்ட தாய்மார்களை மருத்துவர் நடக்கச் சொல்கிறார். கீழக்கரையின் சந்துகளில் அவர்கள் எங்கே நடப்பார்கள்? ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது. வள்ளலையும் மன்னரையும் ஒருசேர நினைவூட்டும் அழகிய பெயர்தான். ஆனால் தொண்டியிலும் பாம்பனிலும் உள்ள பிள்ளை அங்கே நாள்தோறும் பேருந்து ஏறிப் போக முடியுமா?

இரண்டாவது மறுமொழியே அதிகக் கேடு செய்வது. ஜகாத் திடலுக்குச் செல்லாது. அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரை வரையறுத்துவிட்டது. எஞ்சுவது ஸதகா. வெயிலில் உழைத்து அனுப்பும் அந்தப் பணம் விதவையின் கூரைக்கும் அநாதையின் படிப்புக்கும் உரியது. அரசு செய்ய வேண்டிய வேலைக்கு அதைத் திருப்பிவிடுவது தருமம் ஆகாது.

நாம் வரி செலுத்தாதவர்களா? சோப்பிலும் செருப்பிலும் கைப்பேசிக் கட்டணத்திலும் செலுத்துகிறோம். ராமேஸ்வரத்தில் யாத்ரீகர் வாங்கும் பொருளிலும் தங்கும் விடுதியிலும் வரி சேர்கிறது. அமெரிக்காவின் சில ஊர்களில் மக்களே வாக்களித்து, விற்பனை வரியைச் சிறிது உயர்த்திப் பொழுதுபோக்கு மையம் கட்டிக்கொள்கிறார்கள். நம் நகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யாகப் பிடிக்கப்படுவது டெல்லிக்கும் சென்னைக்கும் போய், மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஒரு பங்காக உள்ளாட்சிக்குத் திரும்புகிறது. அந்தப் பங்கில்தான் நம் கோரிக்கை நிற்கிறது.

விற்பனை வரியே மக்ஸ் அல்லவா, அதில் கட்டுவது ஆகுமா என ஆலிம்கள் சிலர் தயங்குகிறார்கள். மக்ஸைக் கண்டிக்கும் ஹதீஸை நாமும் அறிவோம். பைத்துல்மால் வறண்டு, படைக்குச் செலவு நேர்ந்தால் ஆட்சியாளர் வசதியுள்ளோரிடம் வரி பெறலாம் என்று இமாம் கஸ்ஸாலியும் இமாம் ஷாத்திபியும் எழுதினார்கள். திடல் படைச்செலவு அன்று. ஆதலால்தான் புதிய வரி எதையும் நாம் கேட்கவில்லை. ஏற்கெனவே பிடிக்கப்பட்டது பொதுநலனுக்குத் திரும்புவதைத் தடுக்க எந்த ஆதாரமும் இல்லை; தெருவிளக்கும் சாலையும் அதே பணத்தில்தானே வருகின்றன!

குறிப்பிட்ட செலவுக்கென்று பணத்தை ஒதுக்குவதும் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் நம்மிடம் வசூலாகி வருகிறது. நூலகத்துக்கு இயன்றது திடலுக்கு ஏன் இயலாது? வெளிநாட்டுச் சகோதரர்கள் பங்கேற்க விரும்பினால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பகுதி தந்தால் மீதியை அரசு தரும்.

ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நகராட்சிகளில் வார்டு உறுப்பினர் இருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகிகள் மனுவை எழுதட்டும். பெண்களுக்குத் தனி நேரமும் தனிக் கூடமும் அதில் முதல் வரியாக இருக்கட்டும். மீனவச் சகோதரர்களும் இந்துக் கிறிஸ்தவ அண்டை வீட்டாரும் கையொப்பமிடட்டும், திடல் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான்.