உண்டியல் மட்டும் போதாது

பாடுபட்டவன் படுத்துவிட்டால் அவன் குடும்பத்தைப் பார்ப்பது யார்? தோட்டத் தொழிலாளிக்கு இது புதிய கேள்வியன்று. ஆயினும் இப்பொழுது அது நம் சங்கத்தின் வாசலிலேயே வந்து நிற்கிறது.

நம் மூத்த தோழர் ஒருவர் பக்கவாதத்தால் தாக்குண்டு, வலக் கையும் காலும் விழுந்து, நாக்குக் குழறிப் படுக்கையில் கிடக்கிறார். வயது 57. செபராங் பிறையில் 26 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக் களத்தில் பிறருக்காக வாதாடி நிர்வாகத்தின் பகையைத் தேடிக்கொண்டவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபின் ஜார்ஜ் டவுனுக்கு வந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு கடைக்கு நான்காண்டு இரவுக் காவல் பார்த்தார். மனைவி சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். படிக்கும் பிள்ளைகள் இருவர். குடும்பத்தாரின் விருப்பப்படி அவர் பெயரை இங்கு எழுதவில்லை.

செய்தி அறிந்தவுடன் அன்பர்கள் உண்டியல் தூக்கினார்கள். அந்த நல்ல மனத்தைப் போற்றுகிறோம். ஆனால் உண்டியல் ஒரு மாதத்துக்குச் சோறு போடும். பக்கவாதமோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் துன்பம். முதல் மாதம் கூட்டம் கூடுகிறது. மூன்றாம் மாதம் கதவைத் தட்ட ஆளில்லை. ஆதலின், தருமத்துக்கு முன்னால் உரிமையைக் கேட்டு வாங்குவோம் என்பதே நமது கருத்து.

1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் வேலையில் நேர்ந்த விபத்துக்கும், வேலையால் வந்த நோய்க்குமே ஈடு கொடுத்தது. வீட்டில் பக்கவாதம் கண்டு விழுந்தவனுக்கு அதில் இடமில்லை. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டந்தான், அதாவது நாம் சொக்சோ என்று சொல்லும் திட்டந்தான், வேலையோடு சம்பந்தமில்லாத நோயால் உழைப்பை இழந்தவனுக்கும் ஓய்வூதியம் உண்டு என்றது. இதற்காக நம் சம்பளத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு நாம் கட்டுகிறோம். முதலாளி அரைப் பங்கு கட்டுகிறார். ஆகவே இது பிச்சையன்று, நம் பணம்.

தோழரின் கணக்கைப் பாருங்கள். முழு ஓய்வூதியத்துக்கு இரண்டு வழிகள். விண்ணப்பிப்பதற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருத்தல் ஒன்று. முதன்முதல் சந்தா கட்டவேண்டிய நாளிலிருந்து விண்ணப்பிக்கும் நாள்வரை உள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருத்தல் மற்றொன்று; இதிலும் 24 மாதச் சந்தாவுக்குக் குறையலாகாது. காவல் வேலையில் இருந்த 48 மாதங்களுக்கு ஒரு காசும் கட்டப்படவில்லை. முதல் வழி அடைபட்டது. ஆனால் தோட்டத்தில் கட்டியது 312 மாதங்கள். மொத்தம் 360. மூன்றில் இரண்டு பங்கு 240. இரண்டாம் வழி அகலத் திறந்திருக்கிறது! முதல் 24 மாதத்துக்குச் சம்பளச் சராசரியில் 50 விழுக்காடு. அதற்குமேல் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு. உச்ச வரம்பு 65. தோழர் உச்சத்தைத் தொடுகிறார். சராசரி 1,200 வெள்ளி என்றால் மாதம் 780 வெள்ளி. பிறர் துணையின்றி இயங்க முடியாதவர் என்று மருத்துவக் குழு சான்றளித்தால், பராமரிப்புப் படி மாதம் 500 வெள்ளி தனியே உண்டு. எந்த உண்டியல் இதைக் கொடுக்கும்?

இதில் தாமதம் பெரும் பகை. ஒருவர் 120 மாதம் கட்டி, 60 மாதம் கட்டாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 180இல் 120 சரியாக மூன்றில் இரண்டு. இன்று விண்ணப்பித்தால் 58 விழுக்காடு. "உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்று ஒரு மாதம் தள்ளினால் 181 ஆகிவிடும். குறைந்த ஓய்வூதியமான 50 விழுக்காடுதான் கிட்டும். நம் 1,200 வெள்ளிக் கணக்கில், ஒரு மாதச் சோம்பலுக்கு மாதாமாதம் 96 வெள்ளி தண்டம்! மேலும், 60 வயது நிறையுமுன் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும்; பிந்தினால், அதற்கு முன்பே உழைப்பை இழந்ததை மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

கிராணிமார்களுக்கு ஒரு சொல். படுத்தவரின் மனைவி மருத்துவமனைக்கும் வேலைக்கும் அலைகிறாள். பாரம் நிரப்ப அவளுக்கு நேரமேது? மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் திரட்டிக் கொடுப்பது பேனா பிடிக்கும் நம் கடமை. உழைக்க இயலாதவர் ஊழியர் சேமநிதியில் உள்ள தம் சேமிப்பு முழுவதையும் எடுக்கலாம் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். சந்தா கட்டாத முதலாளியை விட்டுவிடாதீர்கள். அது பத்தாயிரம் வெள்ளி அபராதம் அல்லது ஈராண்டுச் சிறை வரை செல்லக்கூடிய குற்றம்.

தோழர் காவலிருந்த அந்தச் சாலையே நமக்கொரு பாடம் சொல்கிறது. முன்பு பிட் தெரு என்று பெயர் பெற்றிருந்த அங்கே, 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி தந்த நிலத்தில் காதர் முகைதீன் பள்ளிவாசல் எழுப்பினார். அருகே குவான் யின் கோயில். அடுத்த குயின் தெருவில் மாரியம்மன் ஆலயம். சற்றுத் தள்ளிச் சீனரின் குலச் சங்கமாகிய கூ கொங்சி. கடல் கடந்து வந்தவர்கள், விழுந்தவனைத் தாங்கத் தத்தமக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் அறநிலையச் சொத்துக்களின் நிர்வாகம் சீர்கெட்டபடியால், 1905இல் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென்று அரசாங்கம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நல்ல மனம் மட்டும் போதாது, கணக்கும் ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பணம் வந்தாலும் கை வேண்டும். படுத்தவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். அங்கப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளும் நிற்கலாகாது. இவையனைத்தையும் ஒருத்தியே செய்தால் வீட்டில் இரண்டாவது நோயாளியும் உண்டாவாள். ஆகவே கிளைதோறும் முறை வைத்து, வாரம் ஒரு நாள் இருவராவது போகவேண்டும். பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பார்ப்பதும் இம்முறையில் அடங்கும்.

இன்னொன்று. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திராதீர். உடனே 999க்குச் சொல்லுங்கள். இரத்தக் குழாய் அடைபட்ட வகைக்கு, அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் இம்மாதமே மூன்று காரியம் செய்க: உறுப்பினர் அனைவரின் சொக்சோ சந்தாவைச் சரிபார்க்க, விண்ணப்பம் எழுத ஒரு கிராணியை நியமிக்க, துன்ப உதவி நிதிக்குத் தனிக் கணக்கு வைத்து மாதந்தோறும் வாசித்துக் காட்டுக.

பிறருக்காகப் பேசிய தோழரின் நா இன்று குழறுகிறது. அவருக்காக நாம் பேசவேண்டிய காலம் இது. பேசுவோம், எழுதுவோம், பெற்றுத் தருவோம்!