கடை பெருத்தால் வரி பெருகுமா?

நகரசபையின் பெட்டி வெறுமையா? வயலைக் கடைத்தெரு என்று ஏட்டில் மாற்றி எழுதிவிடு. பெட்டி தானே நிறைந்துவிடும்! அமெரிக்கப் புறநகர்களை ஆள்வோர் நெடுங்காலமாக ஓதிவரும் மந்திரம் இதுவே. வீட்டு வரியை உயர்த்தினால் வாக்காளர் சினப்பர். விற்பனை வரியோ அயலூரான் பையிலிருந்தும் வரும். ஆகவே கமமும் வேண்டாம், குடிமனையும் வேண்டாம், அங்காடியே வேண்டும் என்கின்றனர்.

மிசூரி மாநிலத்திலே, சென் லூயிஸ் மாநகரை அடுத்துள்ள செஸ்டர்பீல்ட் நகரைப் பாருங்கள். மிசூரி ஆற்றின் வண்டல் படிந்த தாழ்நிலம் அதற்குண்டு. பயிர் விளைந்த பூமி. 1993 யூலை இறுதியில் ஆற்றணை உடைந்து, வயலும் விமானத்தளமும் நீரில் மூழ்கின. ஆறு தன் நிலத்தைக் கேட்டு வந்தது என்று கமக்காரன் கண்டுகொள்வான். நகரசபை கண்டதோ கடைத்தெரு! அணையை உயர்த்தினர், பாதை அமைத்தனர். பணம் ஏது? அந்நிலத்தில் இனி ஏறப்போகும் வரியையே ஒதுக்கிச் செலவை ஈடுசெய்யும் ஏற்பாடு. இத்தகைய ஏற்பாட்டில் பாடசாலைகளுக்கு வரவேண்டிய வளர்ச்சியும் ஆண்டுக்கணக்காக அகப்பட்டுக்கொள்வது வழக்கம்.

கடைவரிசை ஒரு மைலுக்கு மேல் நீண்டது, வரியும் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் கடை இரண்டானால் ஒருவன் சட்டையை இரட்டிப்பாக வாங்குவானோ? 2013 ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் அப்பள்ளத்தாக்கிலே இரண்டு மலிவு விற்பனைப் பேரங்காடிகள் போட்டிக்குத் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நின்றுபிடிக்க மாட்டாமல் கேளிக்கைக் களமாயிற்று. அதே நகரில் 1976 முதல் நின்ற பழைய பேரங்காடியோ சிறிது சிறிதாக வெறிச்சோடி, 2024இல் மூடப்பட்டது. இணைய வணிகம் அதைக் கொன்றது என்பர். அதுவும் மெய்தான், அப்படியானால் கடையை நம்பி ஊரின் வரவு செலவை வகுத்தவர் மதியை என்னென்பது?

இன்னுமொன்று. சென் லூயிஸ் மாவட்டத்தின் பல ஊர்கள் விற்பனை வரியின் ஒரு பகுதியைப் பொதுவிற் சேர்த்துப் பகிர்ந்துகொள்வன. கடையில்லாத ஏழை ஊருக்கு அது கைகொடுப்பது. செஸ்டர்பீல்ட் அந்தப் பகிர்வையும் பொறாது நீதிமன்றம் ஏறிற்று! வாங்குபவன் அயலூரான், வரி மட்டும் தன்னூருக்கு. இதுதானா வளர்ச்சி?

மூடிய பேரங்காடியின் இடத்தில் புதிதாகக் கட்டி எழுப்ப நகரசபை துணைக்கழைத்ததும் அதே வரி ஒதுக்கீட்டைத்தான்.