கை நடுங்கும், படம் நடுங்க வேண்டாம்

முதலாமாண்டு விடுமுறையில் ஊர்த் திருவிழாவில் நான் எடுத்த 83 படங்கள் இன்னும் என் கணினியில் இருக்கின்றன. ஒன்றுகூட உருப்படி இல்லை. அழிக்கவும் மனசு வரவில்லை. எல்லாப் படத்திலும் தாத்தா இருக்கிறார், கையில் நாதஸ்வரம் இருக்கிறது, பின்னால் சாமி இருக்கிறது. ஆனால் எல்லாமே ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை எழுத்து மாதிரி கலைந்து கிடக்கிறது.

தாத்தா ஐம்பது வருடத்துக்கு மேல் எங்கள் ஊர் மாரியம்மன் புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்தவர். அன்றைக்கு ராத்திரி ஊர்வலம் முடிந்ததும் காமிராவை வாங்கிப் பார்த்தார். "என்னடா தம்பி, எல்லாம் புகையா இருக்கு? சரி போ, அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்" என்றார். அந்த அடுத்த வருஷத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தப்பு தாத்தாவிடமும் இல்லை, விளக்கு வெளிச்சத்திலும் இல்லை. தப்பு நான் லென்ஸ் வாங்கிய விதத்தில். கடையில் மேஜைமேல் இரண்டு டெலிஜூம் இருந்தன. ஒன்று 250 மி.மீ. வரை போகும், கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி உண்டு. இன்னொன்று (பெயர் வேண்டாமே) 300 வரை போகும், அந்த வசதி இல்லை, விலையும் சில ஆயிரம் குறைவு. "தம்பி, 250ஐ விட 300 பெருசு, காசும் மிச்சம். கையை ஆட்டாம புடிச்சா போதும்" என்றார் கடைக்காரர். நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். மிச்சம் என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. தலையாட்டிவிட்டேன்.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்து எடுக்கப் போகிற டெலிஜூமுக்கு ஆட்டம் தாங்கும் வசதி ஆடம்பரம் இல்லை, அடிப்படை. 50 மி.மீ. குறையலாம், உலோக உடம்புக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கலாம், புதிதுக்குப் பதில் பழையது வாங்கலாம். இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதே சமயம், இந்த வசதி எதைச் செய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கிய பிறகு இன்னொரு முறை ஏமாறுவோம்.

முதலில் கணக்கு. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குறைந்தபட்சம் "ஒன்றின் கீழ் குவிய தூரம்" இருக்க வேண்டும் என்பது ஃபிலிம் காலத்து விதி. நம்மைப் போன்றவர்கள் வைத்திருக்கும் சின்ன சென்சார் காமிராக்களில் அதை 1.5 அல்லது 1.6ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நான் அன்று 200 மி.மீ.யில் எடுத்தேன். 200 பெருக்கல் 1.6, ஆக 320. அதாவது 1/320 நொடி வேண்டும். படங்களின் தகவலைத் திறந்து பார்த்தால் ஐஎஸ்ஓ 1600, அபர்ச்சர் எஃப்/5.6, ஷட்டர் 1/40 என்று இருக்கிறது. 320, 160, 80, 40. மூன்று ஸ்டாப் குறைவு. கலங்காமல் என்ன செய்யும்?

ஃபிளாஷ் போட்டிருக்கலாமே என்பீர்கள். மூச்சைப் பிடித்து வாசித்துக்கொண்டிருப்பவர் முகத்தில் பளீரென்று அடிப்பது மரியாதை இல்லை. டிரைபாட்? புறப்பாட்டுக் கூட்டத்தில் நம் இரண்டு காலை ஊன்றவே இடம் கிடைக்காது, இதில் இன்னும் மூன்று காலுக்கு எங்கே போவது? தொல்லியல் துறை பராமரிக்கும் மாமல்லபுரம் மாதிரி இடங்களிலும் டிரைபாடுக்குத் தனி அனுமதி கேட்பார்கள். ஆகவே நம் ஊரில் டெலிஜூம் என்றால் பெரும்பாலும் கைதான்.

சரி, இந்த வசதி எப்படி வேலை செய்கிறது? லென்ஸுக்குள் சின்னச் சின்ன கைரோ உணரிகள் இருக்கின்றன. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று அவை கவனித்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப உள்ளே மிதக்கும் ஒரு கண்ணாடித் தொகுதியை மின்காந்தம் எதிர்ப்பக்கம் நகர்த்தும். தலையில் குடம் வைத்து நடக்கிறவர் உடம்பு ஆடினாலும் குடம் ஆடாமல் இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அந்த வித்தை. நிக்கான் 1994-இல் ஒரு ஃபிலிம் காம்பாக்ட் காமிராவில் இதை வைத்தது. எஸ்எல்ஆர் லென்ஸில் முதலில் கொண்டுவந்தது கேனன், 1995-இல், 75-300 ஐஎஸ் மூலம். நிக்கானின் 80-400 விஆர் 2000-இல் வந்தது. பெயர்தான் ஆளுக்கு ஒன்று: கேனனுக்கு ஐஎஸ், நிக்கானுக்கு விஆர், டாம்ரானுக்கு விசி, சிக்மாவுக்கு ஓஎஸ், சோனிக்கு ஓஎஸ்எஸ். வாங்கும்போது இந்த எழுத்துகளை லென்ஸ் மேலேயே தேடிப் படியுங்கள். நிக்கான் 2016-இல் கொண்டுவந்த டிஎக்ஸ் 70-300 ஏஎஃப்-பி லென்ஸில் விஆர் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். அவசரத்தில் இல்லாததைத் தூக்கி வந்துவிடக் கூடாது.

இப்போது 250க்கும் 300க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். 300இல் உருவம் 1.2 மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். 24 மெகாபிக்சல் படத்தை 250இல் எடுத்து, 300இல் எடுத்தது போல ஓரத்தை வெட்டினாலும் 16 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம். கலங்கிய படத்தை எந்த வீட்டில் உட்கார்ந்து தெளியவைப்பது? இப்போதைய மென்பொருள்கள் ஐஎஸ்ஓ ஏற்றியதால் வரும் புள்ளிகளை நன்றாகவே துடைக்கின்றன. ஆட்டத்தால் இழுபட்ட முகத்தை அந்த அளவுக்கு நம்பும்படி மீட்பதில்லை.

என் விடுதி நண்பன் ஒருவன் இதில் எதிர்க்கட்சி. "ஸ்டெபிலைசர் எல்லாம் வியாபாரம்டா. அந்தக் காசுக்குப் பழைய எஃப்/2.8 ஜூம் ஒண்ணு தேடு, வெளிச்சம் நாலு மடங்கு" என்பான். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எஃப்/5.6க்கும் எஃப்/2.8க்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஆனால் என் திருவிழாக் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். 1/40 என்பது 1/160 ஆகும். எனக்கு வேண்டியதோ 1/320. அப்போதும் ஒரு ஸ்டாப் குறைகிறது! எடை வேறு. 70-200 எஃப்/2.8 வகை லென்ஸ்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். கேனனின் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் 375 கிராம்தான். இரண்டு மணி நேரம் கூட்டத்தில் ஒன்றரைக் கிலோவைத் தூக்கிப் பிடித்தால் மூன்றாவது தெரு திரும்பும்போது கை தானாகவே தவில் வாசிக்கும் :-)

அவன் சரியாகச் சொல்லும் பாதி எது என்றால், ஸ்டெபிலைசர் நம் கையைத்தான் நிறுத்தும், எதிரில் இருப்பவர் கையை நிறுத்தாது. என்னிடம் இப்போது ஒரு படம் இருக்கிறது. 1/30இல் எடுத்தது. நாதஸ்வரக்காரர் முகத்தில் வேர்வைத்துளி வரை எண்ணலாம். பக்கத்தில் தவில்காரரின் விரல்கூடுகளும் குச்சியும் வெறும் மூட்டம். லென்ஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தவில்காரரை நிறுத்த வேண்டுமானால் ஷட்டர் வேகம்தான் மருந்து. ஆகவே கபடி, ஓட்டப்பந்தயம், பறக்கும் பறவை இவைதான் உங்கள் வேலை என்றால் நண்பன் கட்சியில் சேர்ந்து வெளிச்சத்துக்குக் காசு கொடுங்கள். முகங்கள், மேடை, கோபுரத்துச் சுதை, வேடந்தாங்கலில் கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரை என்றால் என் கட்சிக்கு வாருங்கள். நம்மில் பலர் எடுப்பது இரண்டாவது வகைதான் என்பது என் எண்ணம்.

"காமிராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறதே" என்று ஒரு கேள்வி வரும். மினோல்டா 2003-இல் டைமேஜ் ஏ1 காமிராவில் சென்சாரையே நகர்த்தும் முறையைக் கொண்டுவந்தது. இன்று பல மிரர்லெஸ் காமிராக்களில் அது உண்டு. நல்ல விஷயம்தான். சாதாரண லென்ஸுக்கும் பலன் கிடைக்கும். ஆனால் குவிய தூரம் நீள நீள அதன் பாடு திண்டாட்டம். கை 0.1 பாகை சாய்ந்தால் 50 மி.மீ.யில் பிம்பம் சென்சார்மேல் 0.09 மி.மீ. நகரும், 300 மி.மீ.யில் அரை மி.மீ.க்கு மேல் நகரும். சென்சார் ஓரளவுக்குத்தான் ஓட முடியும். அதனால்தான் இன்றும் நீண்ட லென்ஸ்களில் உள்ளேயே இந்த வசதியை வைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் இன்னும் நல்லது. உங்கள் பாடியில் அது இல்லையென்றால் லென்ஸில் கட்டாயம் இருக்கட்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் "நாலு ஸ்டாப்", "ஐந்து ஸ்டாப்" எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானிய காமிரா தயாரிப்பாளர் சங்கமான சிபா இதை அளக்க ஒரு பொது முறையை 2012-இல்தான் வகுத்தது. அதற்கு முந்தைய லென்ஸ்களின் எண்கள் அவரவர் அளந்தவை. அந்த முறையும் ஒரு இயந்திரம் ஆட்டுவதை வைத்துத்தான். உங்கள் கை எப்படி ஆடும் என்று அதற்குத் தெரியாது. ஒரு ஸ்டாப் கழித்தே கணக்குப் போடுங்கள்.

அதைவிட நல்ல வழி, கடையிலேயே சோதிப்பது. லென்ஸைக் கடைசி வரை ஜூம் செய்யுங்கள். எதிர்ச் சுவரில் எழுத்துள்ள எதையாவது குறிவையுங்கள். 1/30இல் ஸ்டெபிலைசர் போட்டு பத்து, அணைத்து பத்து. பெரிதாக்கிப் பார்த்து எத்தனை எழுத்து படிக்க முடிகிறது என்று எண்ணுங்கள். ஐந்து நிமிட வேலை. பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து செல்ஃபோன் விளக்கை அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ஈரத்துக்கு அது சீக்கிரம் வரும். ஸ்டெபிலைசர் ஓடும்போது மெல்லிய ரீங்காரம் கேட்பது சகஜம். வ்யூஃபைண்டரில் படம் திடீர் திடீரென்று துள்ளினால் வேண்டாம். பாடிக்குப் பொருந்துமா என்பதும் முக்கியம். மேலே சொன்ன ஏஎஃப்-பி லென்ஸ்கள் பழைய நிக்கான் பாடிகள் பலவற்றில் ஆட்டோஃபோகஸே ஆகாது.

வாங்கியபின் ஒரு பழக்கம். பொத்தானைப் பாதி அழுத்தி ஒரு நொடி பொறுங்கள். நீந்திக்கொண்டிருந்த காட்சி ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அப்போது முழங்கையை விலாவோடு சேர்த்து, பாதி மூச்சு விட்டு நிறுத்தி, தொடர்ந்து மூன்று படம் எடுங்கள். நடுவில் உள்ளது பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

சரி, அடுத்த வருஷம். பழைய லென்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, யாரோ பயன்படுத்திய 55-250 ஐஎஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். இரண்டு செலவையும் கூட்டினால், முதலிலேயே ஒழுங்கானதைப் புதிதாக வாங்கியிருக்கலாம். மிச்சம் பிடித்த லட்சணம் அது.

தாத்தா அந்த வருஷம் வாசிக்கவில்லை. மூச்சு நிற்கவில்லை என்று மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். வேறு ஊர்ச் செட்டு வந்து மல்லாரி வாசித்தது. தாத்தா மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் நின்று 250இல், 1/30இல் எடுத்தேன். முகம் அத்தனை தெளிவு. தொடையில் தாளம் போடும் வலது கை மட்டும் கலங்கியிருக்கிறது.

படத்தைக் காட்டினேன். "இப்ப நல்லா விழுந்திருக்கே" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையில குழலு இல்லாமப் போச்சு" என்றார்.

இந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். அந்த 83 படங்கள் கணினியில் இருக்கின்றன. நீங்கள் எதைப் படமெடுக்க ஆசைப்பட்டு லென்ஸ் வாங்கப் போகிறீர்களோ, அது அடுத்த வருஷம் வரை காத்திருக்குமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு, அப்புறம் விலையைப் பாருங்கள்.