கிற்றாருக்கும் ஓர் இடம்

மின்கிற்றார் பயிலும் மாணவனை அயலார் கடிவது உடுப்பிட்டியிலும் இயல்பே. மதிலுக்கப்பால் பரீட்சைக்குப் படிப்போர் உளர். எனினும், இசையை நிறுத்துக என்பது தீர்வாகாது என்பதே எமது துணிபு. 1920களின் இறுதியில், பேசும்படம் எடுத்தோர் கமராவின் இரைச்சலை ஒலிபுகாக் கூண்டில் அடைத்தனரன்றோ? அவ்வாறே கிற்றாரின் ஒலிபெருக்கியையும் அதன் முன் ஒலிவாங்கியையும் பெட்டியில் அடைத்துப் பதிவுசெய்யலாம். சூடேறும் மின்பெருக்கி வெளியே நிற்கட்டும். பெட்டிக்குள் பெட்டி, இடையே காற்றுவெளி, அடியில் இறப்பர். கனத்த பலகையும் இடுக்கற்ற மூடியுமே ஒலியைத் தடுப்பன. தும்பும் முட்டைத் தட்டும் உள்ளே எதிரொலியைச் சிறிது தணிக்குமேயன்றி அயலாரைக் காவா. யாம் முதலிற் செய்த பெட்டியில் வயர் செல்லும் துளையை அடைக்க மறந்தோம். ஒழுங்கை முழுதும் கேட்டது! யூபிலி நினைவாக மண்டபம் எழுப்ப விழையும் பழைய மாணவர், இப்பிள்ளைகளுக்கு நாலு பலகையும் ஓர் அறை மூலையும் தருவாராக.