கலர் மாற்றினால் மந்திரம் ஆகிவிடுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேஜை ரோல்பிளேயிங் விளையாட்டில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், அவருக்கு ஒரு மந்திரவாதியைத் தயார் செய்து கொடுப்பது பெரும்பாலும் டன்ஜன் மாஸ்டரின் தலையில்தான் விழும். மனுஷரும் நல்ல எண்ணத்தோடு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பிக்கிறார். நெருப்புப் பந்து: ஒரு எட்டுமுகப் பகடை சேதம். பனிப் பந்து: ஒரு எட்டுமுகப் பகடை சேதம். மின்னல் பந்து: அதேதான். மண் பந்து: அதேதான். "இந்தா, இயற்கை சக்தி எல்லாம் உன் கையில்" என்று பெருமையாக நீட்டுகிறார்.

இது நாலு மந்திரம் இல்லை சார். ஒரே மந்திரம், நாலு டப்பா பெயின்ட்.

இதில் என்ன பெரிய குற்றம், விளையாட்டுதானே என்று கேட்கலாம். குற்றம் இருக்கிறது. முதல் நாள் ஆட்டத்தில் ஒரு குகை வருகிறது. தரையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. எதிரே நாலு கோப்ளின்கள் ஓடி வருகின்றன. புதியவர் தன் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "பனி மந்திரத்தை அந்தத் தண்ணீர் மேல விட்டா அது உறைஞ்சு, இதுங்க வழுக்கி விழாதா?" அந்த மேஜையில் அன்று யாரும் கேட்காத நல்ல கேள்வி அது. வருகிற பதில்: "மந்திரத்துல அப்படி எழுதலையே. பகடையை உருட்டு." அவர் உருட்டுகிறார். மூன்றாவது வாரம் அவர் வருவதில்லை. "அவருக்கு இதில் இன்ட்ரஸ்ட் இல்லை" என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்ட்ரஸ்ட் இருந்தது, அதைக் கேள்வி கேட்ட அன்றே கொன்றாயிற்று.

பழியை டன்ஜன் மாஸ்டர் மேல் மட்டும் போடுவது நியாயம் இல்லை. அவர் படித்த புத்தகமே அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறது. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் புரட்டிப் பாருங்கள். ஃபயர் போல்ட் ஒரு ஆளையோ பொருளையோ குறிவைக்கலாம். யாரும் அணியாத, கையில் வைத்திராத எரியக்கூடிய பொருளில் பட்டால் தீப்பற்றும் என்று ஒரு வரியும் இருக்கிறது. நல்லது. பக்கத்திலேயே ரே ஆஃப் ஃப்ராஸ்ட். அது உயிருள்ள எதிரியை மட்டும்தான் குறிவைக்கும். தண்ணீரைத் தொடாது. ஆசிட் ஸ்ப்ளாஷ் அதைவிட வேடிக்கை. பெயர் ஆசிட், ஆனால் துருப்பிடித்த பூட்டின் மேல் விட விதியில் இடமில்லை, ஆள் மேல்தான் விடலாம். ஆளைக் கரைக்கும், பூட்டைக் கரைக்காது! என்ன ஆசிடோ அது.

பெயின்ட் டப்பா வியாபாரத்தின் உச்சம் குரோமாட்டிக் ஆர்ப். முதல் லெவல் மந்திரம். 3 எட்டுமுகப் பகடை சேதம். ஆசிட், குளிர், நெருப்பு, மின்னல், விஷம், இடி என்று ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடப்பது ஒன்றேதான். 2024ல் திருத்திய பதிப்பில் இதற்குப் புதிதாக ஒன்று சேர்த்தார்கள். பகடைகளில் ஒரே எண் இரண்டு முறை விழுந்தால் உருண்டை இன்னொரு எதிரிக்குத் தாவும். மின்னல் தாவினால் சரி. விஷமும் குளிரும்கூட அதே மாதிரி தாவுகின்றன.

"சும்மா பெயின்ட் இல்லை, எதிர்ப்பு சக்தி என்று ஒன்று இருக்கிறதே" என்று விதி தெரிந்தவர்கள் கிளம்புவார்கள். உண்மை. வெள்ளை டிராகனிடம் குளிர் செல்லாது. ட்ரோலின் காயம் தானாக ஆறாமல் இருக்க நெருப்போ ஆசிடோ வேண்டும். ஆனால் முதல் லெவல் மந்திரவாதி ட்ரோலை எங்கே பார்க்கப் போகிறார்? பார்த்தாலும் அது பூட்டுக்குச் சாவி தேடும் வேலை. சரியான கலர் சாவியைப் போட்டால் கதவு திறக்கும். இதில் நெருப்பு நெருப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிவப்பு, நீலம், பச்சை என்று பெயர் வைத்தாலும் ஆட்டம் அப்படியே ஓடும்.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா என்றால், கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இல்லை. இந்த விளையாட்டின் மூதாதையான செயின்மெயில் என்ற 1971ம் வருஷத்துப் போர் விளையாட்டில் மந்திரவாதி நடமாடும் பீரங்கிதான். அவருடைய நெருப்புப் பந்து விழும் பரப்பளவு பெரிய கவண்பொறியின் அளவு, மின்னலின் பரப்பளவு கனரக பீரங்கியின் அளவு என்று விதியிலேயே இருந்தது. ஆனால் 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது முதல் லெவலுக்கு இருந்த மந்திரங்கள் எட்டே எட்டு. தூங்க வைப்பது, வசியம் செய்வது, கதவை அடைத்து வைப்பது, வெளிச்சம் உண்டாக்குவது... சேதம் செய்யும் மந்திரம் ஒன்றுகூட இல்லை. மேஜிக் மிஸ்ஸைலே 1975ல் வந்த கிரேஹாக் துணைநூலில்தான் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு மந்திரம்தான். அதை எங்கே செலவழிப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

1978ல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பில் நெருப்புக்கும் மின்னலுக்கும் சொந்தக் குணம் இருந்தது. சின்ன அறையில் ஃபயர்பாலை விட்டால் அது ஏறக்குறைய 33,000 கன அடியை நிரப்பும் வரை பரவும். விட்டவரும் சேர்ந்தே வேகலாம். தங்கம், வெள்ளி, செம்பு உருகும். எதிரியைக் கொன்றுவிட்டுப் போய்ப் பார்த்தால் புதையல் கட்டியாகக் கிடக்கும். மின்னல் சுவரில் பட்டால் திரும்பி வரும். 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தப் பரவலும் திரும்பி வருவதும் போய்விட்டன. கணக்குப் போட வசதியாகிவிட்டது என்று சொன்னார்கள். வசதிதான். ஆனால் நெருப்பை எங்கே விடுவது என்று யோசிக்க ஒரு காரணம் குறைந்துபோனது.

கணக்கு என்றால் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐந்தாம் பதிப்பில் முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 6, உடல்வலிமைக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூடும். மந்திரச் செலவுக்கு நாளைக்கு 2 வாய்ப்பு. மற்ற நேரமெல்லாம் ஃபயர் போல்ட். ஒரு பத்துமுகப் பகடை, சராசரி 5.5. பக்கத்தில் பெரிய வாளோடு நிற்கும் போர்வீரர் 2 ஆறுமுகப் பகடையோடு 3 சேர்த்து அடிக்கிறார். சராசரி 10. அவர் உடம்பில் கவசமும் இருக்கிறது. சேதம்தான் அளவுகோல் என்றால் புதிய மந்திரவாதி முதல் லெவலில் தோற்கப் பிறந்தவர். சேதத்தை மட்டும் எழுதித் தாளைக் கொடுப்பது, ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவருக்குக் காலில் கல்லைக் கட்டிவிட்டு "ஓடு, நல்லா இருக்கும்" என்று சொல்வதற்குச் சமம்.

சரி, சரியாகச் செய்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரெய்ன்ஹேகனும் 1987ல் எழுதிய ஆர்ஸ் மேஜிக்காவில் மந்திரம் என்பதே ஒரு வினையும் ஒரு பெயரும் சேர்ந்ததுதான். படைத்தல், அறிதல், மாற்றுதல், அழித்தல், ஆளுதல் என்று ஐந்து வினை. நெருப்பு, நீர், காற்று, மண், உடல், மனம் என்று போகும் பத்துப் பெயர். "நெருப்பை ஆளுதல்" வேறு, "நெருப்பைப் படைத்தல்" வேறு. விஷயம் இங்கேதான் இருக்கிறது. நெருப்பு என்பது வெறும் பெயர்ச்சொல். எழுவாயை மட்டும் எழுதிவிட்டுப் பயனிலையை எழுதாமல் விட்டால் அது வாக்கியம் ஆகாது, மந்திரமும் ஆகாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள்ளேயே நல்ல உதாரணம் தண்டர்வேவ். முதல் லெவல். 2 எட்டுமுகப் பகடை சேதம், சராசரி 9. பர்னிங் ஹேண்ட்ஸின் 3 ஆறுமுகப் பகடையைவிட (சராசரி 10.5) ஒன்றரைப் புள்ளி குறைவு. பதிலுக்கு, தாக்குப்பிடிக்க முடியாதவர்களைப் பத்து அடி தள்ளும். வெடிச் சத்தம் 300 அடி வரை கேட்கும். தள்ளுவது வினை, சத்தம் விலை. பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் எதிரியைத் தள்ளலாமா, தள்ளினால் அடுத்த அறையில் தூங்குவது முழித்துக்கொள்ளுமா என்று மொத்த மேஜையும் குசுகுசுக்க ஆரம்பிக்கும். அந்தக் குசுகுசுப்புக்குத்தானே இந்த விளையாட்டு!

2015ல் எலிமென்டல் ஈவில் துணைநூலில் வந்து, 2017ல் ஸனதார்ஸ் கைடில் மறுபடி அச்சான நாலு சின்ன மந்திரங்களும் இதே வழிதான். தீ, காற்று, மண், நீர் ஒவ்வொன்றையும் அசைக்க, வளைக்க, உறைய வைக்க. சேதம் கிடையாது. ஆனால் புதியவர் முதலில் வாங்கும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அவை இல்லை. 2024 பதிப்பில் எலிமென்டலிசம் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் ஒரு கப் தண்ணீர் வரும், ஒரு அடி கன அளவுக்கு மண்ணைப் பிடித்து வைக்கலாம், மெழுகுவத்தி ஏற்றலாம். பழையதில் ஐந்தடி கன அளவு. ஆபத்தில்லாத அளவுக்குச் சின்னதாக்கிவிட்டார்கள்.

"புதியவருக்கு எளிமையாக இருக்க வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். எது எளிமை? தண்ணீர் உறைந்தால் வழுக்கும், காற்று அடித்தால் விளக்கு அணையும், காய்ந்த துணி பற்றிக்கொள்ளும். இதெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சேவிங் த்ரோ, அட்வான்டேஜ், ஸ்பெல் ஸ்லாட் இவைதான் அந்நியம். தெரிந்ததைப் பூட்டி வைத்துவிட்டுத் தெரியாததை மட்டும் கொடுப்பதற்கு எளிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"வரம்பு இல்லாவிட்டால் எதிரியின் நுரையீரலில் தண்ணீரை உறைய வைப்பேன் என்று வம்பு செய்வார்களே?" செய்வார்கள். அதற்கு ஒரு வரி போதும். ஷேப் வாட்டர் மந்திரத்தில், நீருக்குள் உயிரினம் இல்லாவிட்டால்தான் உறைய வைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. வம்பு முடிந்தது.

ஆக, புதிய மந்திரவாதிக்கு எழுதும்போது ஒவ்வொரு மந்திரத்துக்கும் நாலு விஷயம் இருந்தால் போதும்: ஒரு வினை, ஆளைத் தவிரப் பொருளையும் தொடும் ஒரு வரி, ஒரு விலை, ஒரு வரம்பு. மாதிரிக்கு:

1) பற்றவை: 60 அடிக்குள் ஒரு ஆறுமுகப் பகடை சேதம். துணி, எண்ணெய், காய்ந்த மரம் தீப்பிடிக்கும், புகை வரும். மூட்டியவரே நினைத்தாலும் மந்திரத்தால் அணைக்க முடியாது.

2) உறை: ஐந்தடிச் சதுரத் தண்ணீர் ஒரு நிமிஷம் பனிக்கட்டியாகும். மிதிப்பவர் சமாளிக்காவிட்டால் விழுவார், நண்பரும் சேர்த்துத்தான். சேதம் இல்லை. உள்ளே உயிர் இருந்தால் உறையாது.

3) ஊது: ஒருவரை ஐந்தடி தள்ளும், புகையைத் திசை திருப்பும். அருகிலுள்ள திறந்த விளக்கெல்லாம் அணையும், உங்கள் தீவட்டியும்தான்.

4) எழுப்பு: தளர்ந்த மண் முழங்கால் உயரச் சுவராகும். பதுங்கலாம். மண்ணை எடுத்த இடத்தில் குழி விழும். கல் தரையில் பலிக்காது.

இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். புகையை மூட்டி ஊதிவிடலாமா, மண் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி உறைய வைக்கலாமா என்று புதியவர் யோசிப்பார். வாள் வைத்திருப்பவரும் சேர்ந்து யோசிப்பார். "சமநிலை கெட்டுவிடும்" என்று பயப்படுகிறவர்கள் 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடைத் திறந்து பார்க்கலாம். பலரைத் தாக்கும் மூன்றாம் லெவல் மந்திரத்துக்கு 6 ஆறுமுகப் பகடை என்று அங்கே அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஃபயர்பாலுக்கு அவர்களே கொடுத்தது 8. பெரிய வெடிக்கு அட்டவணையை மீறலாம் என்றால், ஒரு குட்டைத் தண்ணீரை உறைய வைப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?